ஏழாவது ஆள்

மார்ச் 4

மைத்துனனுக்கு,

ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. ஐந்து மாதம் என்பது என் கணக்கில் ஒரு யுகம் என்று உனக்கே தெரியும்.

நலம், நலமறிய அவா என்று தொடங்குவது முறை. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். பிறர் எழுதுவதைப் படிக்காதவர்களுக்குத் தலைவலி வருவதில்லை.

ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். உங்கள் குழுவின் பக்கத்தில் நான் எழுத முடியாது, தடை போட்டவனே நீ. தொலைபேசியில் என் எண்ணைப் பார்த்தால் எடுக்க மாட்டாய். காகிதத்தில் 'மூடப்பட்டது' என்று அழுத்தப் பொத்தான் இல்லை. வேண்டுமானால் கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுத் தொலையும்.

விஷயம் பழையதுதான். நீயும் இன்னும் மூன்று பேரும் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிற அந்த பேக்கேஜ் மேனேஜர், அதாவது லினக்ஸ் கணினியில் மென்பொருளைத் தேடி எடுத்து நிறுவித் தருகிற நிரல், தேடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நன்றாகச் செய்கிறது. எங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு கணினிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதுதான். வருகிறவர்கள் மென்பொருளின் பெயரோடு வருவதில்லை, தேவையோடு வருகிறார்கள். "என் குரலைப் பதிவு பண்ணணும்" என்கிறார்கள். உன் நிரலோ பெயரைக் கேட்கிறது. பெயர் தெரிந்தவன் எதற்குத் தேடப் போகிறான்?

கேட்டது பெரிய வரம் அல்ல. பெயரில் மட்டுமல்லாமல் விளக்கத்திலும் தேட வேண்டும். அகரவரிசையில் கொட்டாமல், அதிகம் பேருக்குப் பயன்பட்டது முதலில் வர வேண்டும். நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உரிய உதிரிகளைச் சாதாரண ஆட்களின் கண்ணில் காட்டக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது என்ன செய்யும் என்று மனிதர் பேசுகிற மொழியில் ஒரு வரி. இதைப் போன அக்டோபரில் எழுதினேன். எழுத ஒன்பது நாள். நீ மூடப் பதினோரு நிமிடம்.

மூன்று வருடமாக, வந்தவர்கள் கேட்டது, தேடலில் வந்தது, கடைசியில் உதவியது என்று சீட்டு போட்டு வைத்திருக்கிறேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். உலகத்தில் வேறு எவனிடமும் இப்படி ஒன்று இருக்காது. வரும் பதிப்புக்கு அக்டோபர் கடைசியில் கதவடைப்பீர்கள், அடுத்தது மூன்று வருடம் கழித்துத்தான் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் புத்தி வருமா என்று சொல்.

உன் அக்கா நலம். உன்னை விசாரித்தாள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்


மார்ச் 27

அத்தானுக்கு,

வணக்கம். நலம். உங்க முதுகுவலி எப்படி இருக்கு?

கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு. பகல் முழுக்க விமான நிலையத்தில பெட்டிகளைப் பிரிச்சு அனுப்பற எந்திரத்தோட மல்லாடுறேன். மிச்ச நேரத்திலதான் இந்த வேலை. அதுக்கு நடுவிலதான் உங்க வசவையும் படிக்கணும்.

பதினோரு நிமிஷத்தில மூடினது உண்மை. ஏன்னு நீங்க எழுதலை, நான் எழுதறேன். 'மூணு உதாரணம் கொடுங்க'ன்னு எங்க நாலு பேர்ல நிரலைச் சோதிச்சுப் பாக்கற சோதனைக்காரி மரியாதையாத்தான் கேட்டாங்க. நீங்க ஒன்பது நாள் கழிச்சு பதிலுக்கு நாலாயிரம் வார்த்தை எழுதினீங்க, அதைத்தான் பதினோரு நிமிஷத்தில மூடினேன். அதில உதாரணம் ஒண்ணு கூட இல்லை, நாங்க எந்தெந்தப் பிராணியோட ஒத்துப்போறோம்னு மட்டும் இருந்தது. மூடின மறுநாள்லேர்ந்து உங்க கோரிக்கையை ஆதரிச்சு ஆறு புது ஆள் கிளம்பினாங்க. ஆறு பேரும் ஒரே நூலகத்து இணைய முகவரியிலேர்ந்து. ஆறு பேரும் உங்களை 'அந்த மேதை'ன்னு சொன்னாங்க. அத்தான், மாறுவேஷம் போடறவன் மூக்குக்கண்ணாடியையாவது கழட்டணும். அதான் உங்களையும் தடை செஞ்சோம், கடைசியா அந்த முகவரியையும் தடை செஞ்சோம்.

இப்பவும் அதேதான் கேக்கறேன். உதாரணம் அனுப்புங்க. திட்டாம அனுப்புங்க.

அக்காவை ஒரு வரி எழுதச் சொல்லுங்க. அக்டோபர்லேர்ந்து என் போனை எடுக்கலை. உங்களைத் தடை செஞ்ச கோபம்னு நினைக்கிறேன்.

அன்புடன்,
மைத்துனன்


ஏப்ரல் 8

வாயிற்காவலருக்கு,

நலம். முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது.

பகலெல்லாம் ஊரார் பெட்டியைத் தொலைத்துவிட்டு மிச்ச நேரத்தில் ஊரார் கோரிக்கையைத் தொலைக்கிற உழைப்பு எனக்குப் புரிகிறது. ஆறு பேர் விஷயத்தை நீ வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாய், காட்டு. ஒருவன் சொன்னால் காதில் விழாத இடத்தில் ஆறு பேராகச் சொல்லிப் பார்த்தேன். உனக்கு முதல் லினக்ஸ் குறுந்தகட்டைக் கொடுத்ததும் இந்த மேதைதான். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் மாப்பிள்ளையின் கணினியை நோண்டிக்கொண்டிருந்தவனைத் துரத்தாமல் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தேன். அது என் தப்பு.

மூன்று கேட்டாய், பன்னிரண்டு அனுப்புகிறேன். சீட்டின் அசலே வருகிறது, பத்திரம்.

நாற்பதாம் எண்ணைப் பார். ஒரு பெண் 'படத்தை வெட்ட' ஒன்று வேண்டும் என்று கேட்டாள். உன் நிரல் முதலில் காட்டியது, பலகையை எப்படி அறுத்தால் வீணாகாது என்று கணக்குப் போடும் மென்பொருள். பின்னால் நின்ற தச்சர் "அது எனக்குங்க, எனக்கு" என்று குதித்தார். அவர் இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார். அந்தப் பெண் கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

முந்நூற்று ஆறாம் எண்ணையும் பார். பேச்சில் திக்கல் உள்ள ஒருவர். சீரான இடைவெளியில் தட்டுகிற ஓசை வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே பேசிப் பழக வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். அந்த வகை மென்பொருள் உங்கள் களஞ்சியத்தில் நான்கு இருக்கிறது. நான்குக்கும் எந்தத் தாய் பெற்ற பிள்ளையும் ஊகிக்க முடியாத பெயர். அவர் மூன்று நாள் வந்தார். தேவையை வாய்விட்டுச் சொல்லவே ஒவ்வொரு நாளும் பாதி காலை ஆனது அவருக்கு. நான்காம் நாள் வரவில்லை. சீட்டின் கடைசிக் கட்டம், 'உதவியது' என்ற கட்டம், காலி. அப்படிக் காலியாகக் கிடப்பவை இருநூற்றுச் சொச்சம்.

இதற்கு என்ன பொத்தான் வைத்திருக்கிறாய்?

உன் அக்காவுக்கு வேலை அதிகம். பிறகு எழுதுவாள். நலம்.

இப்படிக்கு,
மேதை


ஜூன் 2

அத்தானுக்கு,

நலமான்னு இந்தத் தடவை கேக்கறதா இல்லை.

சீட்டுகளை மேசையில பரப்பினேன். முதல் சீட்டைக் கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு. எனக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்த கையெழுத்து அது. பன்னிரண்டும் அக்கா எழுதினது. 'சீட்டு போட்டு வைத்திருக்கிறேன்'னு எழுதினீங்க. யாரு வைச்சிருந்தது?

அக்காவைக் கூப்பிடச் சொல்லி, அவங்க வேலை பாக்கற நூலகத்துக்கே போன் பண்ணினேன். மேசையில இருந்தவர் எடுத்தார்.

"அவங்க இங்க இல்லைங்க."

"லீவா?"

"மாற்றல் வாங்கிட்டுப் போய் ஏழு மாசம் ஆச்சே. ஆத்தோரக் கிளைக்கு. நீங்க யாரு?"

"தம்பி."

"கூடப் பிறந்தவரா?"

"ஆமா."

அந்தப் பக்கம் குரல் தணிஞ்சது. அப்புறம், "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே" அப்படின்னார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. கிளையில மாடி அறையிலயே தங்கியிருக்காங்களாம். ஏழு மாசம். நீங்க எனக்கு எழுதின ரெண்டு கடிதத்திலயும் அக்கா நலம். விசாரிச்சாளாம், வேலை அதிகமாம்!

இதையும் சொல்லிடறேன், இல்லைன்னா எனக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை. அந்தச் சீட்டுகளைப் படம் எடுத்து மத்த மூணு பேருக்கும் காட்டினேன். பத்து வருஷத்தில எங்களுக்கு வந்ததிலேயே உருப்படியான விஷயம் இதுதான்னு எல்லாருமே சொன்னாங்க. தட்டற ஓசைக்காரர் சீட்டைப் படிச்சிட்டு எங்க மொழிபெயர்ப்பாளர் அன்னிக்கு ராத்திரியே அந்த நாலு மென்பொருளையும் தேடி எடுத்துப் பாத்தார். மொத்தமும் கிடைச்சா ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஜனங்க சொல்ற வார்த்தையைச் சேர்த்துடலாம். அக்டோபருக்குள்ள முடியும். ஆனா சோதனைக்காரி இன்னொண்ணும் சொன்னாங்க: "அந்த ஆள் பேர் மேல இருந்தா நான் திறந்தே பாக்க மாட்டேன்." மத்த ரெண்டு பேரும் தலையாட்டினாங்க. பெரும்பான்மை வேணும், எனக்கு ஒரு ஓட்டுதான். அக்காவோட மூணு வருஷ உழைப்புக்கு நடுவில மலை மாதிரி நிக்கறது உங்க பேர்.

மைத்துனன்


ஜூன் 9

மைத்துனனுக்கு,

நான் நலம் இல்லை. சந்தோஷப்படு.

ஆம், போய்விட்டாள். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு பெட்டியோடு. ஆம், சீட்டுகள் அவள் எழுதியவை. கீழ்த்தளத்து மேசை அவளுடையது, கணினிகள் என்னுடையவை. வருகிறவர்களிடம் கேட்டு எழுதுவது அவள், கிடைக்காததைத் தேடிக் கொடுப்பது நான். இரண்டு பேர் செய்த வேலையை ஒருவன் 'நான்' என்று எழுதினால் அது திருட்டா? கணவன் மனைவிக்குள் கணக்குக் கேட்க நீ யார்?

போகும்போது அவள் சொன்னதை உனக்குச் சொல்கிறேன், உன் பங்கும் அதில் இருக்கிறது. கதவருகில் நின்று, "கேக்கறதுன்னு ஒரு வேலை இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் அது வராது" என்றாள். "ரெண்டு பேர்னா யாரு?" என்றேன். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நீதான் அந்த இன்னொருவன் என்பது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. நீ என்ன செய்தாய் என்பது இன்றுவரை புரியவில்லை. நான் என்ன செய்தேன் என்பதற்கு என்னிடம் நீளமான பட்டியல் இருக்கிறது. உன்னிடம் காட்ட மாட்டேன்.

அவளை ஆற்றோரக் கிளையில் போய்ப் பார்த்தேனா என்று கேட்காதே. ஒரு நாள் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவரிடம் குனிந்து எதையோ கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே போகவில்லை.

நீ அருமைத் தம்பிதானே. நீயே எழுதிக் கேள். உனக்குப் பதில் வருகிறதா என்று பார்ப்போம்.

அக்காவின் கணவன்


ஜூன் 30

அத்தானுக்கு,

நலம்.

அக்காவுக்கு ரெண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. இப்ப சிரிச்சுக்குங்க.

ஆனா சீட்டுகளை அனுப்புங்க. இல்லைன்னா அங்கேயே யாரையாவது வைச்சு கணினியில ஏத்துங்க. நாலு மாசம்தான் இருக்கு. இந்தப் பதிப்பு போச்சுன்னா மூணு வருஷம். அதுக்குள்ள உங்க கீழ்த்தளத்து ஈரத்தில அந்தக் காகிதம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

மைத்துனன்


ஜூலை 11

மைத்துனனுக்கு,

நலம். இங்கே மழை. ஒன்பதாம் எண் கணினிக்கு மேல் மறுபடி ஒழுகுகிறது. சீட்டு வைத்த நான்கு இழுவறைகளையும் என் அறைக்கு ஏற்றிவிட்டேன், ஆகவே ஈரத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

தருகிறேன். நிபந்தனை ஒன்றே ஒன்று. கோரிக்கையின் தலையில் என் பெயர் இருக்க வேண்டும். என்னைத் தடை செய்தது தவறு என்று அதே பக்கத்தில் ஒரு வரி. உன் சோதனைக்காரி திறந்து பார்க்க மாட்டாளாம். அப்படியானால் வேலையைப் பார்க்கிறீர்களா, ஆளைப் பார்க்கிறீர்களா? இத்தனை வருடம் படித்தவன், இத்தனை வருடம் இந்தக் கீழ்த்தளத்தில் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன், கடைசியில் என் பெயரே குப்பை என்று நான்கு பேர் கூடி முடிவு செய்வீர்கள், நான் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும். நடக்காது.

இப்படிக்கு,
பெயருள்ள ஒருவன்


ஆகஸ்ட் 20

உங்கள் இருவருக்கும்,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

கார்பன் தாள் வைத்து ஒரே கடிதமாக எழுதுகிறேன். யாருக்கு மேல்தாள், யாருக்கு அடித்தாள் என்று பார்த்து உறையில் போடப் போவதில்லை. தம்பி இரண்டு கடிதத்திலும் 'நான் என்ன தப்பு செஞ்சேன்' என்று கேட்டிருக்கிறான். சொல்லாமல் இருந்தால் உங்களுக்குத் தானாகத் தெரியும் என்று காத்திருந்தேன். பத்து மாதம் ஆகிவிட்டது. தெரியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

போன அக்டோபர் பத்தொன்பதாம் தேதி மத்தியானம், கீழ்த்தளத்தில் ஆளில்லாத நேரத்தில், ஒன்பதாம் கணினியில் உட்கார்ந்து தம்பியின் குழுவுக்கு நானே ஒரு கோரிக்கை எழுதினேன். 'மேசைக்காரி' என்று புனைபெயர் வைத்துக்கொண்டேன். உங்கள் இருவருக்கும் நடந்த சண்டையில் எந்தப் பக்கமும் இல்லாமல் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன். நாற்பது வரி. கூடவே சீட்டுகளிலிருந்து முப்பது உதாரணம். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாதவர்கள் படிப்பதற்கென்று நான் எழுதிய முதல் விஷயம் அது. அனுப்புமுன் நான்கு முறை படித்துப் பார்த்தேன்.

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம்: 'ஏழாவது ஆளுக்கும் வணக்கம். பெண் வேஷமும் போட்டுப் பார்த்துட்டீங்களா? போதும் அத்தான், ஆட்டம் முடிஞ்சது.' படித்து முடிப்பதற்குள் பக்கமே மறைந்துவிட்டது. தம்பி, அதை எழுதியவன் நீ.

அன்று மாலை வீட்டில் இவர் காபியோடு உட்கார்ந்து சிரித்தார். பக்கம் மறைவதற்கு முன் இவரும் பார்த்திருக்கிறார். "யாரோ என்னை மாதிரி எழுதப் பாத்திருக்கான், கோமாளி. மூணு வரிக்கு மேல படிக்க முடியலை. சரக்கே இல்லை. எழுத வராதவன்லாம் எதுக்கு எழுதறான்?" என்றார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். என்ன ஆச்சு என்று இவர் கேட்கவில்லை. ஒரு மாதம் காத்திருந்தேன். அந்த ஒரு மாதமும் இவர் ஆறு பேராக எழுதியதை நீக்கியது எவ்வளவு பெரிய அநியாயம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னிடம் வந்து நிற்கிறவர்களை நான் மூன்று வரிக்கு முன் நிறுத்தியதில்லை. திக்கிப் பேசுகிறவரையும் நிறுத்தியதில்லை.

மன்னிப்புக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். இங்கே மேசை ஜன்னலோரம், வெளிச்சம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டுகளுக்காக வருத்தம் இருக்கிறது. அவற்றில் இருப்பது என் வார்த்தை அல்ல, வந்து கேட்டவர்களுடையது. யாராவது ஒரு முறை முழுக்கப் படித்தால் போதும்.

இப்படிக்கு,
மேசைக்காரி


செப்டம்பர் 6

அத்தானுக்கு,

எனக்கு வந்தது அடித்தாள். எழுத்து மங்கல்தான், ஆனா எல்லா வார்த்தையும் தெரிஞ்சது.

நீக்கினதெல்லாம் ஒரு வருஷம் கிடங்கில இருக்கும். போய் எடுத்தேன். அக்கா எழுதினது அப்படியே இருந்தது, கீழே நான் எழுதினதும் இருந்தது. அச்செடுத்து, நீங்க அனுப்பின பன்னிரண்டு சீட்டோட சேர்த்து இதோட வைச்சிருக்கேன். என் வரியை வெட்டலை, அதுவும் இருக்கட்டும். அன்னிக்கு நான் படிச்சது ரெண்டு வரி. உங்களைவிட ஒரு வரி கம்மி. எனக்கு முகவரிதான் கண்ணில பட்டது. அந்த முகவரியில வேற மனுஷங்களும் இருப்பாங்கன்னு தோணலை.

உங்களாலதான் தோணலைன்னு எழுதி, அடிச்சிட்டேன். ஆனா அதுவும் பொய் இல்லை அத்தான். ஆறு பொய் ஆளை உள்ள விட்டது நீங்க. ஏழாவதா வந்த நிஜ ஆளைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினது நான். நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச ஒரே வேலை இதுதான்.

மத்த மூணு பேர்கிட்டயும் நடந்ததைச் சொல்லிட்டேன், எங்க அக்கான்னு மட்டும் சொல்லலை. நூலக முகவரிக்குப் போட்ட தடை எடுத்தாச்சு. ஆனா நீக்கினவனே திரும்பத் திறக்கக் கூடாதுன்னு விதி. சொந்தக்காரங்க விஷயத்தில நான் ஓட்டும் போட முடியாது. புதுசா, வெளியிலேர்ந்து, ஒருத்தர் கோரிக்கை போடணும். சீட்டு உங்ககிட்ட இருக்கு. அக்டோபர் முப்பத்தொண்ணு கடைசி. உங்க பேரைப் போட்டா என்ன ஆகும்னு தெரியும். அக்கா பேரைப் போடுங்க. அதுதான் நியாயம்.

அக்காவுக்கு நான் எழுதலை. என்ன எழுதறதுன்னு தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

மைத்துனன்


அக்டோபர் 23

மைத்துனனுக்கு,

நலம். உன் நலத்தை உண்மையாகவே விசாரிக்கிறேன், பழக்கமில்லாததால் வாக்கியம் கோணலாக வருகிறது.

ஏழு வாரமாகச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது என்று கணக்கு வைத்தேன், முதல் வாரம் பன்னிரண்டுக்கு மேல் போகவில்லை. ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த ஆளாக இருந்தது. இத்தனை வருடமும் அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் அந்த மேசையில் நின்று பேசியிருக்கிறார்கள். அவர்கள் பேசியது எனக்கு இரைச்சலாகத்தான் இருந்தது. "கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லு" என்று அவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

எண்ணூற்று எழுபத்தேழாம் சீட்டை உனக்கு எழுத வேண்டியதில்லை. எழுதுகிறேன். 'கேட்டவர்: வீட்டுக்காரர். சொன்னது: "எனக்குத் தெரியாததா, நானே பாத்துக்கறேன்." தேடியது: நாற்பது நிமிடம். உதவியது: பக்கத்துக் கணினியில் நான் தேடி எடுத்து, அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது அவர் திரையில் வைத்துவிட்டு வந்தேன்.' எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. திரும்பி வந்து, கண்டுபிடித்துவிட்டேன் என்று அறைக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். அவள் கைதட்டினாள். அந்தச் சீட்டை எடுத்துவிடலாமா என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன். எடுத்தால் ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று ஆகிவிடும். இருக்கட்டும் என்று ஏற்றிவிட்டேன்.

முன்னுரை எழுதினேன், நான்கு பக்கம். இந்தத் தேடலின் வரலாறு, அதில் எனக்கு இழைக்கப்பட்ட அநீதி, உன் சோதனைக்காரியின் மனப்பான்மை, எல்லாம் இருந்தது. நல்ல நடை, பொய் சொல்லக் கூடாது. பிறகு நீ அனுப்பிய அச்சுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த முறை நாற்பது வரியையும் படித்தேன். 'நான் ஒரு நூலக மேசையில் இருப்பவள். வருகிறவர்களுக்கு மென்பொருளின் பெயர் தெரியாது, ஆனால் தங்களுக்கு என்ன வேண்டும் என்று நன்றாகத் தெரியும்' என்று தொடங்குகிறது. நான் நாலாயிரம் வார்த்தையில் கேட்ட நான்கு விஷயமும் அதில் இருக்கிறது. நான் கேட்க மறந்த ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது: தேடி எதுவும் கிடைக்காதபோது 'இல்லை' என்று முகத்தில் அடிக்காமல், 'வேறு எப்படிச் சொல்வீர்கள்?' என்று நிரல் திரும்பக் கேட்க வேண்டுமாம். என் நான்கு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அவளுடைய நாற்பது வரியில் கைவைக்கவில்லை. முப்பது உதாரணம் என்று இருந்த ஓரிடத்தில் மட்டும் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று மாற்றினேன்.

இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் ஒரு மாற்றும் குறையவில்லை. பதினோரு நிமிடத்தை நான் மறக்க மாட்டேன், அந்த நான்கு நிமிடத்தை உன்னை மறக்க விடவும் மாட்டேன். என்னைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது உனக்கு வேண்டாத விஷயம். அவளுக்கு என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டாய். எனக்குத் தெரிந்திருந்தால் இந்த வீட்டில் ஒரு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா?

அவள் பெயரைப் போடச் சொல்கிறாய். யோசித்தாயா? போட்ட ஒரு மணி நேரத்தில், இது யார், எந்த நூலகம், அந்த ஆளின் மனைவியா என்று எவனாவது கிளறுவான். இல்லையென்றால் உன் அக்கா என்பதைக் கண்டுபிடிப்பான். மறுபடி அவளை நம் இரண்டு பேரில் ஒருவனுக்குச் சொந்தக்காரியாக்கித்தான் படிப்பார்கள். படித்தால். என் பெயரைப் போட்டால் படிக்கவே மாட்டார்கள், அது முடிந்த விஷயம். நான் அதை எத்தனை நாள் மென்று விழுங்கினேன் என்று உனக்குச் சொல்லப் போவதில்லை.

இன்று காலை ஒன்பதாம் கணினியில் உங்கள் படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். மேலே ஒரு பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்திருக்கிறேன். நாற்பது வரியும் ஏறிவிட்டது, சீட்டுகளும் ஏறிவிட்டன. பெயர் என்ற கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது. கட்டாயமில்லை என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் அனுப்பப் போகிறேன்.